எழுதிக் கொடுத்தால் தீர்ந்ததா?

“அதான் எழுதிக் குடுத்துட்டியே, அப்புறம் என்ன பேச்சு?”

தமிழ்நாட்டில் இதைவிட வலுவான சட்ட வாதம் வேறு கிடையாது. கணவன் வீட்டார் திருப்பி அனுப்பிய பெண்ணிடம் இதைச் சொல்கிறார்கள். வேலையை விட்டுப் போக நினைக்கும் இளைஞனிடம் கம்பெனி எச்.ஆர். இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார். முன்பணம் வாங்கிவிட்டுச் சூளையில் கல் அறுக்கும் குடும்பத்திடம் முதலாளி சொல்கிறார். அடி வாங்கியவன் ஸ்டேஷனில் சமாதானமாகப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், அவன் வீட்டிலேயே சொல்கிறார்கள். சொல்பவர் படித்தவரா படிக்காதவரா என்ற பேதம் இல்லை. படித்தவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டியாக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

முத்திரைத்தாள் ஒன்று, சாட்சிகள் இரண்டு பேர், அடியில் ஒரு கையெழுத்து. இவை கூடிவிட்டால் சட்டம் பிறந்துவிடுகிறது, அதற்குமேல் எந்த நீதிமன்றமும் அதை அசைக்க முடியாது என்பது ஊரறிந்த சித்தாந்தம். இது தவறு. ஒப்பந்தச் சட்டம், குடும்பச் சட்டம், குற்றவியல் சட்டம், அரசமைப்புச் சட்டம் என்று பாடப்புத்தகம் பிரித்துவைத்திருக்கும் நான்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லி இதை மறுக்கின்றன. அடிப்படைச் சட்ட அறிவு என்று ஒன்று நமக்கு வேண்டுமென்றால், அந்தக் காரணங்களைத் தெரிந்துகொள்வதில் தொடங்கலாம்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. முத்திரைத்தாள் என்பது அரசுக்கு நாம் கட்டும் வரி. 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் வருவாய்க்காக வந்தது. உரிய முத்திரை இல்லாத ஆவணத்தை அபராதம் கட்டும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது, அவ்வளவே. செல்லாத ஒன்றை ஆயிரம் ரூபாய்த் தாளில் எழுதினாலும் அது செல்லாததுதான். நோட்டரி முத்திரையும் அப்படியே. இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதற்கு நோட்டரி சாட்சி. உள்ளே எழுதியிருப்பது சட்டப்படி நிற்குமா என்பதற்கு அவர் பொறுப்பேற்பதில்லை. மறுபக்கம், நாம் அன்றாடம் செய்யும் பெரும்பாலான ஒப்பந்தங்களுக்குத் தாளே தேவையில்லை. வாய்ப்பேச்சில் கொடுத்த கைமாற்றுக் கடனும் கடன்தான்; நிரூபிப்பது கஷ்டம் என்பது வேறு விஷயம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீடு விற்பனைக்குப் பதிவு வேண்டும், உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று சில இடங்களில் மட்டும் சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

எழுத்து அல்ல என்றால் எது ஒரு பேச்சை ஒப்பந்தமாக்குகிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. ஒப்புக்கொண்டவர்கள் அதற்குத் தகுதியுள்ளவர்களா? சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதா? பிரதிபலன் சட்டப்படியானதா? நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதா? இத்தனைக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் அது ஒப்பந்தம். மிரட்டி வாங்கியது, தன் பிடியில் இருப்பவரிடம் அந்தப் பிடியைப் பயன்படுத்தி வாங்கியது, ஏமாற்றி வாங்கியது ஆகியவற்றைக் கையெழுத்திட்டவர் பின்னால் ரத்துசெய்ய முடியும். பொதுநலக் கொள்கைக்கு எதிரான நோக்கம் என்றால் 23ஆவது பிரிவின்படி அந்த ஒப்பந்தம் செத்தே பிறக்கிறது.

1895இல் கல்கத்தாவில் நடந்ததைப் பாருங்கள். சட்டப்படி இன்னும் மைனராக இருந்த ஓர் இளைஞன் தன் வீடுகளை 20,000 ரூபாய்க்கு ஒரு வட்டிக்காரரிடம் அடமானம் வைத்தான். வட்டிக்காரர் தரப்பு கெட்டிக்காரத் தரப்பு. தனக்கு வயது நிரம்பிவிட்டது என்று பையனிடமே நீளமான ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. அவன் மைனர் என்ற தகவல் வட்டிக்காரருக்காக வேலை பார்த்தவருக்கு முன்பே எட்டியிருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே இல்லாதது என்று 1903இல் தீர்ப்பு வந்தது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் மறுத்துவிட்டார்கள். மோஹரி பீபி வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர் எல்லோரும் முதலாண்டில் படிப்பது இதைத்தான். நூற்றிருபது ஆண்டுகள் கடந்த பிறகும், பதினேழு வயதுப் பிள்ளையிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிப் பத்திரமாகப் பீரோவில் பூட்டிவைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

வேலைக்குச் சேரும்போது வாங்கும் ‘பாண்ட்’ இன்றைய இளைஞர்களைப் பிடித்தாட்டும் பேய். இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும், இடையில் போனால் மூன்று லட்சம் கட்ட வேண்டும், போன பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது. இதில் எது நிற்கும், எது நிற்காது? போன பிறகு வேறெங்கும் அதே தொழில் செய்யாதே என்ற நிபந்தனை 27ஆவது பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கு அப்படி ஒரு நிபந்தனை போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. மூன்று லட்சம் என்று எழுதியிருந்தால் மூன்று லட்சமும் தானாகக் கைமாறிவிடாது. 74ஆவது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். அதோடு, விருப்பமில்லாத ஒருவரை வந்து வேலை பார் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடுவதில்லை.

அப்படியானால் பாண்ட் எல்லாம் வெற்றுக் காகிதமா? அப்படிச் சொன்னால் நானும் இன்னொரு வாட்ஸ்அப் வழக்கறிஞர் ஆகிவிடுவேன். மூன்றாண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்திருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் செல்லும் என்றது. பொதுப்பணத்தில் நீண்ட தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு அது நியாயமான தொகைதான் என்பது காரணம். கவனியுங்கள், “கையெழுத்துப் போட்டாயல்லவா” என்று கேட்டதோடு தீர்ப்பு முடியவில்லை. தொகை நியாயமா, நோக்கம் நியாயமா என்று நிறுத்துப் பார்த்தே முடிவுக்கு வந்தது.

1986இல் வந்த இன்னொரு தீர்ப்பு இதைவிடத் தெளிவு. கல்கத்தாவில் ஓர் அரசு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம். நிரந்தர ஊழியர் யாரையும் காரணமே சொல்லாமல், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று பணி விதியில் இருந்தது. ஊழியர்கள் எல்லோரும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டு வந்தவர்கள்தான். உச்ச நீதிமன்றம் அந்த விதியை அடித்தது. பேரம் பேசும் பலத்தில் இரு தரப்பும் சமமாக இல்லாதபோது, பலவீனமானவர் மேல் திணிக்கப்பட்ட அநியாயமான நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்றது. இரண்டு பெரிய வணிகர்கள் சமமாக உட்கார்ந்து பேசி முடித்ததற்கு இது பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது. ‘படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டான்’ என்பவர்களுக்கு இதுதான் பதில். பிடிக்கவில்லையென்றால் அடித்துத் திருத்தச் சொல்லும் வாய்ப்பு அவனுக்கு இருந்ததா என்பது அடுத்த கேள்வி. இருந்திருந்தால் கையெழுத்துக்கு எடை உண்டு.

ஒப்பந்தத்திலிருந்து அரசமைப்புச் சட்டத்துக்குப் போகும் பாதை தமிழ்நாட்டில் செங்கல் சூளை வழியாகவும் அரிசி ஆலை வழியாகவும் போகிறது. குடும்பத் தலைவர் முன்பணம் வாங்குகிறார். அடைக்கும்வரை குடும்பமே அங்கே உழைப்பதாகத் தாளில் கைநாட்டு. கணக்கு முதலாளியின் நோட்டில். வருஷங்கள் போகும், கடன் மட்டும் போகாது. இருளர் குடும்பங்கள் பல இப்படிச் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டிருக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒரு படி மேலே போய், அந்தக் கடனையே ஒழித்துவிட்டது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வசூலிப்பது குற்றம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் சொன்னது. பசிதான் அந்தக் கட்டாயம். ஆக, சூளைக்காரரின் தாளில் இருக்கும் கைநாட்டு அவருக்கு எதிரான சாட்சியம். அதைக் காட்டி மிரட்டுகிறாரே தவிர, நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்யும் துணிச்சல் அவருக்கு வராது.

அடிப்படை உரிமையை நானே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால்? 1958இல் வருமான வரி வழக்கொன்றில் இந்தக் கேள்வி வந்தது. சமரசமாக வரி கட்டுவதாக ஒப்புக்கொண்டு தவணையும் கட்டிவந்தவர், தன்னைப் பிடித்த சட்டப்பிரிவே சமத்துவத்துக்கு விரோதமானது என்று பின்னால் வந்து நின்றார். நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, ஒருவர் மாறுபட்டும் எழுதினார். பெரும்பான்மை முடிவு, சமத்துவ உரிமையைக் கைவிட முடியாது என்பது. அது அவருடைய வசதிக்காக மட்டும் தரப்பட்டதல்ல, அரசுக்கு இடப்பட்ட கட்டளை.

பணக்காரர் வழக்கில் பிறந்த இந்தக் கொள்கை ஏழைகளுக்குப் பயன்பட்டது 1985இல். 1981 ஜூலை மாதம், கொட்டும் மழையில், பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்புவதென்று மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. பஞ்சத்தில் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து போன ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளியின் கதை அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய ஓர் இருப்பிடத்துக்குக் குடிசைத் தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்திருந்தார் அவர். அவருடைய குடிசையைப் பிரித்துப் போட்டு, சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வேலை தேடி மறுபடியும் பம்பாய்க்கே திரும்பினார். வழக்கில் வரும் குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் காமராஜ் நகர்.

இந்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது, நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை எதுவும் இல்லை, அக்டோபர் 15க்குப் பிறகு இடிப்பதைத் தடுக்க மாட்டோம் என்று குடிசைவாசிகள் தரப்பில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அதையே தூக்கிப் பிடித்தது. நம் ஊர் வாதமேதான்: ஒப்புக்கொண்டீர்களே, அப்புறம் என்ன பேச்சு? தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. அரசமைப்புச் சட்டத்துக்கு எதிராக எந்த ஒப்புதலும் ஒருவரைக் கட்டாது என்றது. வாழும் உரிமைக்குள் வாழ்வாதாரமும் அடக்கம் என்றது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று புகழ்பெற்ற இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் முடிவைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. நடைபாதையிலேயே இருக்கும் உரிமையை நீதிமன்றம் தரவில்லை. முன்னறிவிப்பு கொடுத்து, மழைக்காலம் கழிந்த பிறகு அகற்றலாம் என்றுதான் முடித்தது. கேட்கும் உரிமையை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. கேட்டால் கிடைத்தே தீரும் என்றும் இல்லை.

குடும்பச் சட்டத்துக்கு வருவோம். தாள் மேல் இருக்கும் பக்தி அதிகச் சேதம் செய்வது இங்கேதான்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி, கொடுத்த நகையைத் திருப்பிக் கொடுத்து, ‘இனி ஒருவர் வாழ்க்கையில் ஒருவர் குறுக்கிட மாட்டோம்’ என்று முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். அத்துவிட்டாச்சு என்று ஊரே சொல்கிறது. ஆறு மாதத்தில் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி முதல் கல்யாணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. முதல் கணவன் நினைத்தால் இருதார வழக்குப் போடலாம், ஏழாண்டுவரை சிறை உண்டு. இரண்டாவது கணவன் இறந்தால் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பி வரும். கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் யாரும் அப்போது கருவூல அலுவலகத்துக்குக் கூட வருவதில்லை.

சாதி வழக்கப்படியான மணமுறிவுக்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது என்பது உண்மை. 29ஆவது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் நடைமுறையில் இருக்கிறது என்பதை வழக்கில் சொல்லி நிரூபிக்க வேண்டும். எல்லோரும் செய்கிறார்கள் என்றால் போதாது. உச்ச நீதிமன்றம் 2002இல் இதை அழுத்தமாகச் சொன்னது. இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் அதற்குத்தான் அதே சட்டத்தில் 1976இலிருந்து 13பி பிரிவு இருக்கிறது. ஓராண்டு பிரிந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். இடையில் ஆறு மாதக் காத்திருப்பு. சேர வழியே இல்லை என்று தெரிந்தால் அந்தக் காத்திருப்பையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்துவிட்டது. மற்ற மதத்தவரும் தாளை மட்டும் நம்பிவிட முடியாது. கிறிஸ்தவர்களுக்கு நீதிமன்றம்தான். முத்தலாக்கை எழுத்தில் தந்தாலும் மின்னஞ்சலில் தந்தாலும் செல்லாது என்கிறது 2019ஆம் ஆண்டின் சட்டம்.

அதே தாளில் இன்னொரு வரி தவறாமல் இருக்கும். ‘வருங்காலத்தில் ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன்.’ கர்நாடகத்தில் ஒரு பெண் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இனி எதுவும் கேட்பதில்லை என்று நீதிமன்றத்திலேயே சமரசம் செய்துகொண்டார். பிறகு வேறு சட்டப்படி ஜீவனாம்சம் கேட்டார். முன்பு வாங்கிய சமரசம் இதைத் தடுக்காது, வருங்கால ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. நீதிமன்றத்தில் பதிவான சமரசத்துக்கே இந்த நிலை என்றால், டீக்கடைப் பெஞ்சில் எழுதியதற்கு என்ன நிலை? பிள்ளைக்கு வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுப்பதற்கு மதிப்பே இல்லை, அது பிள்ளையின் உரிமை. ஆனால் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம் என்ற வாசகம் மட்டும் மனைவிக்கு எதிராகத் திரும்பும். குற்றவியல் நடைமுறைப்படி ஜீவனாம்சம் கேட்கும் மனைவியின் மனுவுக்கு அது ஒரு தடை. ஆகவே அந்த வரியைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

தாள் கல்யாணத்தை முறிப்பதில்லை, சரி. உண்டாக்குமா? அதுவும் இல்லை. பதிவுச் சான்றிதழ் வாங்கிவிட்டு, சடங்கு எதுவும் நடத்தாமல் இருந்த ஒரு தம்பதியின் வழக்கில், அது இந்துத் திருமணமே அல்ல என்று 2024இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைப்பட இடமுண்டு. சுயமரியாதைத் திருமணங்களை 1950களில் நீதிமன்றம் செல்லாது என்றபோது, அழைப்பிதழோ கூடிய கூட்டமோ அவற்றைக் காப்பாற்றவில்லை. 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் அண்ணா அரசு கொண்டுவந்த 7ஏ பிரிவுதான் காப்பாற்றியது. புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஊரறியச் செய்ய வேண்டுமென்பதுகூட இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்றாலும், அது நடந்த கல்யாணத்துக்குச் சாட்சிதான்.

குற்றவியல் விஷயத்தில் ‘எழுதிக் கொடுத்துட்டாங்க, கேஸ் முடிஞ்சுது’ என்பது இன்னும் ஆபத்தான பேச்சு. கடன் உங்களுக்கும் எனக்கும் இடையிலானது. குற்றம் அப்படியில்லை, அதை வழக்காடுவது அரசு. லேசான காயம், அத்துமீறி நுழைதல், அவதூறு போன்ற சிலவற்றைப் பாதிக்கப்பட்டவரே முடித்துக்கொள்ளலாம் என்று நடைமுறைச் சட்டம் பட்டியலே போட்டிருக்கிறது. 2024 ஜூலை முதல் அந்தப் பட்டியல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆவது பிரிவில் இருக்கிறது. அதற்கு வெளியே, சொந்தத் தகராறு போன்ற வழக்குகளைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்யலாம். கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை போன்றவற்றில் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. ராஜஸ்தானில் ஆசிரியர் மேல் போடப்பட்ட போக்சோ வழக்கொன்று, சிறுமியின் வீட்டார் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்ததைக் காட்டி ரத்தானது. அதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்ப்பித்தது. மேல்முறையீட்டுக்குப் போனவர் அந்தக் குடும்பத்தவர்கூட இல்லை, அந்த ஊரைச் சேர்ந்த மூன்றாம் மனிதர். போகலாம் என்றது நீதிமன்றம்.

நீதிபதிகளும் இந்தச் சமாதான மோகத்துக்கு விலக்கல்ல. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்குப் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச ஜாமீன் கொடுத்தது. அடுத்த மாதமே, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சமரசத்துக்கே இடமில்லை என்று கண்டித்தது. சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஸ்டேஷனில் வாங்கும் கையெழுத்தைப் பற்றி ஒரு விவரம். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் அதைச் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆவது பிரிவு, இப்போது புதிய சட்டத்தின் 181. போலீஸிடம் தந்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. கையெழுத்து வேண்டியது புகாரில். அந்தப் புகாரின் பேரில் போடும் எப்.ஐ.ஆரின் நகல் உங்களுக்கு இலவசம். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. புதிய சட்டம் சில வகைக் குற்றங்களுக்குப் பதினான்கு நாள் பூர்வாங்க விசாரணைக்கு இடம் தருகிறது. புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் திணித்து, சமாதானக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதற்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஆக எந்தத் தாளும் நம்மை ஒன்றும் செய்யாது என்று யாராவது முடிவுகட்டினால் அவர் இன்னும் பெரிய குழியில் விழுவார். செல்லாத தாள்களுக்குப் பயந்து சாகும் நாம், கடிக்கும் தாள்களில் ‘பேருக்குத்தானே’ என்று கையெழுத்துப் போடுகிறோம். ‘சும்மா ஒரு செக்யூரிட்டிக்கு’ என்று கொடுக்கும் வெற்று செக் அப்படி ஒன்று. மனமறிந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்று செக்கில் மீதியை அடுத்தவரே நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுக்கப்பட்டதாகவே சட்டம் ஊகிக்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பு சொல்கிறது. இல்லையென்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். புரோநோட்டும் அப்படித்தான், மூன்றாண்டில் காலாவதியாகும் என்பதால் இரண்டே முக்கால் ஆண்டில் ஒரு சிறு வரவை எழுதிக் கையெழுத்து வாங்கிப் புதுப்பித்துவிடுவார்கள்.

அண்ணன் தம்பிகள் சகோதரியிடம் வாங்கும் விடுதலைப் பத்திரம் இன்னொன்று. பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குச் சம பங்கை, கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டுமாவது, தமிழ்நாடு 1989இலேயே கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. சட்டம் கொடுத்ததைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மதிய வேளையில் வாங்கிவிடுகிறார்கள். அப்பா உயிரோடு இருக்கையில், அவருடைய சுயார்ஜித சொத்தில் எனக்கு வரப்போகும் பங்கு வேண்டாம் என்று மகள் எழுதிக் கொடுத்தால் அது உரிமை மாற்றமே ஆகாது. இன்னும் வராததை எப்படி விட முடியும்? பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் பின்னால் கேட்கத் தடை வரும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்பா போன பிறகு எழுதிப் பதிவான விடுதலைப் பத்திரமோ பாறை மாதிரி நிற்கும். ஏமாற்றி வாங்கினார்கள் என்று காட்ட வேண்டியது அவள், அதுவும் தெரியவந்த மூன்றாண்டுக்குள். சீர் செய்துவிட்டோமே என்ற பேச்சில் மயங்கிக் கையெழுத்திடும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: இந்தத் தாள் நிஜமானது.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றால் யார் யாருக்குக் கடன் கொடுப்பார்கள், எந்த வியாபாரம் நடக்கும்? நியாயமான கேள்வி. சட்டமும் அதனால்தான் கையெழுத்தின் பக்கமே முதலில் சாய்கிறது. செக்கில் ஊகம், பதிவுப் பத்திரத்தில் ஊகம், ஏமாற்றப்பட்டேன் என்பவர்மேல் நிரூபிக்கும் பாரம். விலக்குகள் எல்லாம் பலவீனர் ஒருவர் மறுபக்கம் இருக்கும் இடங்களில்தான். வாணிபம் இவற்றால் படுத்துவிடவில்லை. அந்த ஒப்பந்தச் சட்டத்தின் கீழ்தான் நூற்றைம்பது ஆண்டுகளாக நாடு முழுக்க வியாபாரம் நடக்கிறது.

கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும், தாளில் முடித்துக்கொள்வதே மேல் என்பது அடுத்த வாதம். தாமதம் உண்மை, அதற்காக வெட்கப்பட வேண்டியவர்கள் நீதித்துறையிலும் அரசிலும் இருக்கிறார்கள். ஆனால் செல்லாத தாள் வழக்கைத் தவிர்ப்பதில்லை, பத்தாண்டு தள்ளிப்போட்டுப் பெரிதாக்குகிறது. சமாதானமாக முடிக்கத்தான் வேண்டுமென்றால் லோக் அதாலத் இருக்கிறது. அங்கே முடிந்தது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு அங்கே தீர்ந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். தொலைபேசியில் 15100.

தெரியாமல் கையெழுத்திட்டவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நீதிமன்ற வாசலிலேயே உட்கார்ந்து, செல்லாது என்று தெரிந்தே விவாகரத்துப் பத்திரம் தட்டச்சு செய்து கொடுப்பவர்கள்மேலும், அதில் முத்திரை குத்தும் நோட்டரிகள்மேலும்தான் கோபம். திருமணத்துக்கோ விவாகரத்துக்கோ நோட்டரிகள் ஆவணம் எழுதித் தரக் கூடாது என்று மத்தியச் சட்ட அமைச்சகமே 2024 அக்டோபரில் எழுத்துமூலம் அறிவுறுத்திவிட்டது. அப்படி ஒரு தாளை உங்களிடம் நீட்டினால், எழுதியவரின் பெயரையும் பதிவு எண்ணையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.